சர்க்கரை இல்லை

மார்ச் 2 | காலை 6.40

வடமேட்டுக் குழி ஆய்வகம், நிலவு. பதிவு செய்பவர் ஜெயசீலி மோத்தா, செல் உயிரியல். சொந்த ஊர் தூத்துக்குடி. வயது ஐம்பத்தெட்டு. காற்று சரி. நீர் சரி. மின்சாரம் சரி. ஆள் எண்ணிக்கை ஒன்று. கூட இருந்த இன்ஜினியருக்குச் சிறுநீரகக் கல் வந்து, போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். மாற்று ஆள் மே மாதக் கப்பலில் வருவார். அதுவரை சமையலும் நானே, சாக்கடையும் நானே.

இந்தப் பதிவு யார் கைக்குப் போனாலும் புரியும்படி எழுத வேண்டும் என்பது விதி. சரி, எழுதுகிறேன். கணையத்துக்குள் குட்டித் தீவுகள்போலச் செல் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரப்பவை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மோப்பம் பிடித்து, அளவாக இன்சுலினை விடும். வயது ஏற ஏற அவற்றில் சில ஓய்ந்துவிடுகின்றன. சாவதில்லை, அதுதான் தொல்லை. வேலையும் பார்க்காது, நாற்காலியையும் விடாது, பக்கத்தில் வேலை பார்ப்பதையும் கெடுக்கும். எந்த அலுவலகத்திலும் இதைப் பார்க்கலாம். வயதானவர்களுக்கு நீரிழிவு வர இதுவும் ஒரு காரணம். நிலவின் கதிர்வீச்சில் செல்கள் வெகு சீக்கிரம் கிழடாகின்றன என்பதால் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

என் தோல் செல்களை மாற்றி வளர்த்த பீட்டா செல்கள் இரண்டு தட்டுகளில் இருக்கின்றன. ஒன்றைக் கதிர்வீச்சில் காட்டிக் கிழடாக்கினேன். மற்றது இளசு. மூத்தாள், இளையாள் என்று பெயர். ஒரே பெட்டியில் குடித்தனம், இருவருக்கும் ஒரே ஊட்ட நீர். மூத்தாள் கழித்துவிடுவது இளையாளை எவ்வளவு வேகமாகக் கெடுக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. சக்களத்திச் சண்டையை அளக்க அரசாங்கச் செலவு.

தரைநிலையத்தில் ரேடியோ பார்ப்பவன் செந்தட்டி. சங்கரன்கோவில்காரன். இன்றைய பேச்சில் சொன்னது: "டாக்டரக்கா, லோகா மேடம் சொல்லச் சொன்னாவ. டீயில சீனிய கொறைக்கணுமாம்." லோகா என்பது லோகாம்பாள், தரைநிலைய மருத்துவர். கிளம்பும் முன்பே என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, நீரிழிவின் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், அப்பாவுக்கு வேறு இருந்திருக்கிறது என்றார். பீட்டா செல்லைப் பற்றி எனக்கே பாடமா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6 | பகல் 11.15

சூரியப் புயல் எச்சரிக்கை. செந்தட்டி: "அக்கா, எல்லாத்தையும் போட்டுட்டு கீழறைக்குப் போயிருங்க. இப்பமே."

மார்ச் 6 | மாலை 5.50

உடனே போகவில்லை. தண்ணீர் கதிர்களைத் தடுக்கும். அதனால் செல் பெட்டியைச் சுற்றித் தண்ணீர்ப் பைகளை அடுக்கி, மூத்தாளையும் இளையாளையும் நன்றாக மூடிவிட்டுத்தான் இறங்கினேன். பெட்டிக்குள் இருந்த, கதிர்வீச்சை அளக்கும் அட்டை லேசாகப் பழுப்பானதோடு சரி. என் சட்டையில் குத்தியிருந்த அட்டை முழுக்கக் கறுத்துவிட்டது. பிள்ளைகளுக்குக் குடையைக் கொடுத்துவிட்டு நான் நனைந்திருக்கிறேன்.

பெரிய ஆண்டெனா எரிந்துவிட்டது. குரல் தொடர்பு இல்லை.

மார்ச் 9 | மாலை 5.05

பழைய சிறு கருவியை ஓட்டவைத்தேன். எழுத்து மட்டும் போகும். தரைநிலையத்தில் பெரிய ஆண்டெனா இருப்பதால் அவர்கள் நீளமாக அனுப்பலாம். என் பக்கமிருந்து ஒரு தடவைக்கு ஒரு வரி. மின்சாரம் தாழ்ந்தால் அதுவும் நடுவிலேயே வெட்டுப்படும்.

செந்தட்டி கேட்டான்: "அக்கா, இருக்கியளா?" 'இருக்கேன்' என்று அடித்தேன். 'இரு' என்று மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் அவனிடமிருந்து வந்தது: "இருன்னு சொன்னியளேன்னு இருந்தேன்க்கா. சாப்பிடக்கூட எந்திரிக்கல." புயலுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

மார்ச் 13 | இரவு 7.30

ஓயாத தாகம். காற்று காய்ந்திருக்கிறது போலும். சிறுநீரைச் சுத்தம் செய்து குடிநீராக்கும் இயந்திரம், 'கரைசல் அதிகம்' என்று மஞ்சள் விளக்குக் காட்டுகிறது. வடிகட்டியை மாற்றினேன், மறுபடியும் மஞ்சள். அந்த அளவுகள் தானாகவே தரைநிலையத்துக்கும் போய்க்கொண்டிருக்கும், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அசதி. தெம்புக்காக நாள் முழுக்க இனிப்புத் தேநீர் குடித்து சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டேன். இடுப்பு வாரை இன்னும் ஒரு துளை உள்ளே போட வேண்டியிருக்கிறது. இந்த வயதில் இளைத்ததில் கொஞ்சம் பெருமைகூட.

மார்ச் 15 | பகல் 12.20

செந்தட்டி: "ஆளில்லாத சரக்கு வண்டியில சாமான் ஏத்திக்கிட்டிருக்கோம்க்கா. அரிசி இருக்கா? பருப்பு இருக்கா? மாத்திரையெல்லாம் இருக்கா? சர்க்கரை இருக்கா?"

அலமாரியைப் பார்த்துவிட்டுப் பதில் அடித்தேன். 'தீர்ந்துவிட்டது' என்றால் நீளம், வெட்டுப்பட்டுவிடும். அதனால் சுருக்கமாக: 'எல்லாம் இருக்கு. சர்க்கரை இல்லை.' முழுவதும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அவன் பக்கமிருந்து ஒரே மகிழ்ச்சி: "ரொம்ப சந்தோசம்க்கா." சர்க்கரை தீர்ந்ததில் இவனுக்கு என்ன சந்தோஷம் என்று நினைத்தேன். கிண்டல் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 17 | மாலை 4.40

சிறு கருவியின் அனுப்பும் பாதி எரிந்துவிட்டது. கருகிய நாற்றம், கொஞ்சம் புகை. வாங்கும் பாதி வேலை செய்கிறது. காது இருக்கிறது, வாய் போய்விட்டது. மாற்றுச் சாமான் கையில் இல்லை. சரக்கு வண்டியும் இன்று காலையே கிளம்பிவிட்டதாம். எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சுற்றுவழியில் வருவதால் மூன்று வாரமாகும்.

மார்ச் 20 | காலை 9.10

செந்தட்டியின் செய்தியை அப்படியே பதிகிறேன்.

"அக்கா, உங்க பக்கம் சத்தம் இல்ல. ஆய்வகம் சூடா இருக்கது மேல சுத்துற செயற்கைக்கோளுல தெரியுது, அதனால இருக்கியன்னு நெனச்சு அனுப்புதேன். யூரின் மெஷின் அளவு கூடுதலா காட்டவும் லோகா மேடம் பயந்துட்டாவ. அவசரக் கப்பல ஏவுதளத்துல கொண்டாந்து நிறுத்தியாச்சு, இன்சுலின் பெட்டிய சரக்கு வண்டியில ஏத்தியாச்சு. அப்பம்தான் உங்ககிட்ட கேட்டேன். சர்க்கரை இல்லைன்னுட்டிய. பெறகு என்ன, மெஷின்தான் கோளாறுன்னு முடிவாயிட்டு. இன்சுலின் பெட்டிய எறக்கியாச்சு. அவசரக் கப்பலும் வேண்டாம்னாச்சு, மே மாசக் கப்பலே வரும். பெட்டி எறக்குன எடத்துல உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன். வந்ததும் பாருங்க."

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் விளங்கியது.

எங்கள் பக்கத்தில் டீயில் போடுவது சீனி. சர்க்கரை என்றால் அது வியாதி. சங்கரன்கோவில்காரன் டப்பாவைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் சீனி இருக்கா என்றுதான் கேட்டிருப்பான். நானும் தூத்துக்குடிக்காரிதான். ஆனால் முப்பது வருடம் சென்னையில் குடியிருந்து, கடையில் சர்க்கரை கேட்டு, டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டி, நாக்கு மாறிவிட்டது. அவன் என் உடம்பைக் கேட்டான், நான் அலமாரியைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

மார்ச் 20 | காலை 9.45

ஊட்ட நீரின் சர்க்கரையை அளக்கும் கருவியில் என் விரல் ரத்தத்தைச் சொட்டவிட்டேன். 431.

இன்னொரு விரல். 428.

தாகம், அசதி, இளைப்பு. மருத்துவக் கல்லூரி முதல் வருடப் பையன்கூடக் கண்டுபிடித்திருப்பான். புயல் என் பீட்டா செல்களை ஒரே பிற்பகலில் கிழடாக்கிவிட்டது. ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நின்ற கணையம், ஒரு தள்ளு போதுமாயிருந்தது. மருந்துப் பெட்டியில் இன்சுலின் கிடையாது, நீரிழிவு உள்ளவர்களை இங்கே அனுப்புவதில்லை என்பதால். இன்சுலின் இல்லாமல் மே வரை தாங்க மாட்டேன். ஏப்ரலே சந்தேகம்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஐம்பதில் சர்க்கரை வந்தது, அறுபதில் இடது கால் போனது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தக் காலால்தான். பயமாக இருக்கிறது. ஒரு வரி, ஒரே ஒரு வரி அனுப்ப முடிந்தால் போதும். முடியாது.

மார்ச் 23 | பகல் 1.30

வழி ஒன்று இருக்கிறது. இளையாள் சுரக்கும் இன்சுலின் ஊட்ட நீரில்தான் கலக்கிறது. அந்த நீரை எடுத்துப் பிரித்து, வடிகட்டி, சுத்தம் பார்த்து, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் உழைப்புக்குக் கால் சிரிஞ்சுதான் கிடைத்தது. ஆனால் வேலை செய்கிறது. இன்று 212.

அரிசியை நிறுத்திவிட்டேன். பருப்பும் முட்டைப் பொடியும்தான். இளையாள் வேறு யாருமில்லை, வயதாவதற்கு முந்தைய நான். அந்த நான் இந்த நானுக்குப் படியளக்கிறாள். அவளுக்கு இன்று ஊட்ட நீரை நேரத்துக்கு மாற்றி, பெட்டியைத் துடைத்துச் சுத்தமாக வைத்தேன்.

மார்ச் 29 | காலை 10.00

அறுவடை பாதியாகிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தேன். இளையாள் தட்டின் ஒரு ஓரம் மங்கியிருக்கிறது. செல்கள் உப்பி, சோம்பி, கிழட்டுச் செல்களின் அடையாளமெல்லாம் வந்துவிட்டது. மூத்தாள் கழித்துவிட்டதைப் புயலுக்கு முன்பிருந்தே குடித்து வளர்ந்தவள். ஊட்ட நீரை அப்போதே பிரித்திருக்க வேண்டும். ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று இத்தனை நாள் பிரிக்காமல் இருந்திருக்கிறேன். உயிர் ஊசலாடும்போதும் ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன், வெட்கக்கேடு.

கிழட்டுச் செல்களை மட்டும் தேடிக் கொல்லும் மருந்து ஒரு குப்பி இருக்கிறது. எனக்கே ஏற்றிக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். என் கணையத்தில் இப்போது பெரும்பாலும் கிழடுதான். அத்தனையையும் கொன்றுவிட்டு யாரை வைத்துக் குடும்பம் நடத்துவது? குப்பியை இளையாளுக்கே ஊற்றினேன்.

மூத்தாளைக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிடத் தட்டைத் தூக்கினேன். கை வரவில்லை. தனிப் பெட்டியில் தனி நீரோடு வைத்துவிட்டேன். கிடக்கட்டும் ஒரு மூலையில்.

ஏப்ரல் 5 | காலை 7.00

மருந்து கேட்டது. மங்கிய செல்கள் போய், மிச்சமிருந்தவை ஒரு வாரம் சுறுசுறுப்பாகச் சுரந்தன. ஆனால் இருப்பது குறைவு. பீட்டா செல்கள் லேசில் பெருகாது. இழந்த இடம் இழந்ததுதான். இன்று 290.

செந்தட்டி தினமும் அனுப்புகிறான். "கேக்குதுன்னு நெனச்சு அனுப்புதேன்க்கா." மழை பெய்ததைச் சொல்கிறான். மனைவி பேச்சிக்கு ஏழாம் மாதம் என்கிறான். அவளுக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறதாம், லோகா மேடம் பார்த்துக்கொள்கிறாராம். அந்த வார்த்தையைச் சர்வசாதாரணமாக எழுதுகிறான். நான் இங்கே திரையைப் பார்த்துக் கத்துகிறேன். அறை சின்னது, கத்தினால் காதுதான் வலிக்கிறது.

என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. கதவு திறக்கும். திறந்தால் வெளியே நிலவு. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 8 | பகல் 2.15

சரக்கு வண்டி வந்து இறங்கிவிட்டது. விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு குழியின் ஏணியில் மேலே போனேன். நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். நாக்கில் பழுத்த பழத்தின் ருசி. ரத்தம் அமிலமாக மாறுவதன் அறிகுறி, எனக்குத் தெரியும்.

அரிசி, பருப்பு, பால் பவுடர், வடிகட்டிகள். கடைசியில் வெள்ளைப் பெட்டி ஒன்று. மேலே செந்தட்டியின் கையெழுத்து: 'சர்க்கரை இல்லாத டாக்டரக்காவுக்கு. தைரியமா சாப்பிடுங்க.' உள்ளே தெரியும்படி மூடியில் கண்ணாடி பதித்திருந்தான். உள்ளே தூத்துக்குடி மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும். கூம்பு கூம்பாக, ஒன்றுகூட நொறுங்காமல். இன்சுலின் இருந்த இடத்தில்.

அழுதேன். தலைக்கவசத்துக்குள் துடைத்துக்கொள்ள வழியில்லை.

ஏப்ரல் 8 | மாலை 3.30

அழுது முடித்ததும் தோன்றியது. இந்த வண்டிக்கு வாய் இருக்கிறது. நான் பேசவோ எழுதவோ அதில் வழியில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சில்லு ஒட்டியிருக்கிறது. எந்தப் பெட்டி இறங்கியது, எது இறங்கவில்லை என்று வண்டி நாளுக்கு ஒருமுறை தரைநிலையத்துக்குச் சொல்லும்.

எதையுமே எடுக்காமல் விட்டால் செத்துவிட்டேன் என்று நினைப்பார்கள். செத்தவளுக்கு அவசரக் கப்பல் எதற்கு? அரிசியை விட்டால் தூக்க முடியவில்லை என்பார்கள். ஆகவே எல்லாவற்றையும் இறக்கினேன், மக்ரூன் பெட்டியை மட்டும் வண்டியிலேயே விட்டேன். மற்ற எல்லாம் வேண்டும், இது மட்டும் வேண்டாம். தூத்துக்குடிக்காரி ஒருத்தி மக்ரூனை வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புரிந்துகொள், செந்தட்டி.

ஏப்ரல் 9 | பகல் 1.05

"அக்கா, பெட்டியெல்லாம் எறங்கிட்டுன்னு வண்டி சொல்லுது. நல்லா இருக்கியன்னு தெரிஞ்சுட்டு, எல்லாரும் கைதட்டுனோம். மக்ரூன் மட்டும் எறங்கல. மொதல்ல எனக்கும் வெளங்கல. பெறகு இங்க ஒரு சிஸ்டர் சொன்னா, தவசுக் காலம்லா, வேதக்காரவ இனிப்பு தொடமாட்டாவன்னு. நெலாவுல போயும் விடலியேக்கா நீங்க. ஈஸ்டர் அன்னைக்கு எடுத்துச் சாப்பிடுங்க."

தவசுக் காலம். ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் இருக்கும் நாற்பது நாள் நோன்பு. இதை நான் நினைக்கவே இல்லை. முப்பது வருடமாகத் தவசுக் காலத்துக்கும் சனிக்கிழமைக்கும் வித்தியாசம் பார்க்காமல் தின்றவள். இன்று பார்த்து என்னைப் பக்தை ஆக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 11 | காலை 8.20

346. இரண்டு முறை வாந்தி. மூச்சு தானாகவே ஆழமாக இழுக்கிறது. கால் விரல்கள் மரத்திருக்கின்றன. ஊசி போட்டேன், இருந்தது ஒரு சொட்டுதான். இளையாள் தட்டில் மங்காமல் மிச்சமிருக்கும் இடத்தை விரல் நகத்தால் மூடிவிடலாம்.

ஞாயிறு ஈஸ்டர். அதுவரை உயிரோடு இருப்பதும், அந்தப் பெட்டியைத் தொடாமல் இருப்பதும். இந்த இரண்டு வேலைதான் பாக்கி.

ஏப்ரல் 13 | ஈஸ்டர் ஞாயிறு, காலை

"பாஸ்கா வாழ்த்துகள்க்கா. இன்னைக்கு மக்ரூன எடுத்திருவியல்லா."

எடுக்கவில்லை.

ஏப்ரல் 14 | பகல் 12.50

"அக்கா. பெட்டி இன்னும் வண்டியிலயே இருக்குன்னு வருது. ராத்திரி பேச்சிகிட்ட சொன்னேன். அவ கேட்டா, ஈஸ்டருக்கும் மக்ரூன தொடாத தூத்துக்குடிக்காரி உண்டா, எனக்கு மாதிரி அவுகளுக்கும் சர்க்கரையா இருக்கப்போவுதுன்னு. இல்லைன்னு சொன்னாவளேன்னேன். எதை இல்லைன்னாவன்னு கேட்டா. எனக்குத் திக்குனு ஆயிட்டு. அக்கா, சர்க்கரை இருக்கா? சீனியக் கேக்கல. சர்க்கரை. இருந்தா பெட்டிய எடுத்து வண்டிக்கு வெளிய போடுங்க. வண்டி இன்னைக்குச் சாயங்காலம் அடுத்த செய்தி அனுப்புத மாதிரி நேரத்த மாத்திட்டோம். கப்பல் இன்னும் ஏவுதளத்துலதான் நிக்கி."

பேச்சி, நீ நல்லா இரு தாயி.

உடையை மாட்டுகிறேன்.

ஏப்ரல் 14 | மாலை, மணி பார்க்கவில்லை

ஏணியில் ஏற முடியவில்லை. ஏறினேன். நடுவில் கவசத்துக்குள் வாந்தி. கண் மறைத்தது. கையால் தடவித் தடவிப் படியைப் பிடித்தேன். பெட்டியைத் தூக்கி எறிந்தேன். இங்கே எதுவும் சட்டென்று விழாது. மெதுவாகப் போய் விழுந்து திறந்துகொண்டது. சாம்பல் மண்ணில் வெள்ளை வெள்ளையாக மக்ரூன். ஊரில் இருந்திருந்தால் எறும்பு வந்திருக்கும்.

ஏப்ரல் 15 | காலை 6.15

"எறங்கிட்டு. பாத்துட்டோம். புரிஞ்சுட்டுக்கா. தப்பு எம்மேலதான், தெளிவா கேட்டிருக்கணும். கப்பல் கெளம்பிட்டு. ரெண்டு பேரு, இன்சுலின், எல்லாம் வருது. சனிக்கிழமை மதியம் எறங்கிருவாவ. அது வரைக்கும் மட்டும்."

தப்பு உன்னுடையது இல்லை. என் நாக்கினுடையது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சொல்கிறேன்.

ஏப்ரல் 16 | பகல்

இளையாள் நின்றுவிட்டாள். நுண்ணோக்கியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 17 | காலை

மூலையில் கிடந்த மூத்தாளின் நீரைச் சும்மா ஒரு தடவை அளந்து பார்த்தேன். இன்சுலின் இருக்கிறது. கிழட்டுச் செல்களில் சில கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அளவு தெரியாது, நேரம் தெரியாது, ஆனால் விடும். புத்தகத்தில் படித்து, வகுப்பில் சொல்லி, மறந்தும் போயிருந்தேன். தொட்டியில் கொட்டப்போன கிழவி இத்தனை நாள் எனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள். சரியாக வடிகட்ட நேரமில்லை. அப்படியே ஏற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 18

370. பிறகு 395. இனி அளக்க விரல் குத்த முடியவில்லை. மூத்தாளிடம் இன்னும் ஒரு ஊசிக்கு இருக்கிறது. காலையில் போட்டுக்கொள்வேன்.

கண்டெடுப்பவர்களுக்கு. மூத்தாள் தட்டை எறியாதீர்கள். கீழ் அலமாரி, இடது பக்கம். அது என்னுடையது. அது நான்தான்.

ஏப்ரல் 19 சனி

ஊசி போட்டாச்சு. கடைசி.

மூச்சு சத்தம் எனக்கே கேட்கிறது. தண்ணீர் குடித்தேன் இன்னும் தண்ணீர். அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இரண்டு காலோடு. இல்லை. அது உடை மாட்டும் கொக்கி.

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் உள் கதவை. அவர்களுக்கு வசதி

சனி மதியம்

திரையில் வருகிறது

"அக்கா கப்பல் எறங்கிட்டு. குழிகிட்ட வந்துட்டாவ. ஏணியில எறங்குதாவ. அக்கா இருக்கியளா"

சத்தம் மேலே. ஏணியா என் காதா

"அக்கா, இருக்கியளா?"

இருக்கு செந்தட்டி. சர்க்கரை இருக்கு

"இருக்கியளா?"

இரு